ஹாரன் அடிக்காத மருமகள்

கடலூருக்கு நான் மருமகளாக வந்தபோது கைப்பையில் மலேசியப் பாஸ்போர்ட்டும் வெளிநாட்டில் கார் ஓட்டுவதற்கான லைசென்ஸும் இருந்தன. வாயில் தமிழ் இருந்தது. தமிழ் இருந்ததாலேயே இதை வெளிநாடு என்று நினைக்கத் தோன்றவில்லை. பினாங்கில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் பாட்டனார் இந்தக் கரையிலிருந்து கப்பலேறிப் போனவர். கடலூர் முதுநகரில் மாப்பிள்ளை என்று முடிவானதும், "நம்ம ஊருக்குத்தானே போறா" என்று என்னைப் பெற்ற அத்தா உட்பட எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். நம்ம ஊர்தான், காரை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கும்வரை.

விதிகள் எல்லாம் ஒன்றுதான். அங்கேயும் இடப்பக்கம், இங்கேயும் இடப்பக்கம். ஆனால் பினாங்கில் சாலையை நடத்துவது விளக்குகள். இங்கே நடத்துவது யார் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நாளாயிற்று. போலீஸ்காரர் இருப்பார், நிழலில். விளக்கும் இருக்கும், எரியாமல். ஆனாலும் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. எப்படி என்று உற்றுப் பார்த்தால், எங்கேயோ ஓர் ஓரத்தில் யாரும் நியமிக்காத ஒரு மனிதர் கையை ஆட்டிக்கொண்டிருப்பார்.

முதல் வாரமே பார்த்தேன். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் காரைப் பின்னால் எடுக்க முயன்றபோது, பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். "வா, வா, வா, லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி, நேரா வா" என்று காரின் பின்பக்கத்தைத் தட்டித் தட்டி என்னை வெளியே கொண்டுவந்தார். நான் கண்ணாடியை இறக்கி நன்றி சொல்வதற்குள் மறுபடியும் டீ கிளாஸ் அவர் கையில் இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் ஊரிலும் கேட்காமல் ஓடிவருகிற ஆட்கள் உண்டு. ஜாகா என்போம், காவல் என்று அர்த்தம். கார் நிறுத்தும் இடத்தைக் கையைக் காட்டிச் சொல்வார்கள். சில்லறை கொடுத்தால் சிரிப்பார்கள். கொடுக்காவிட்டால், திரும்பி வரும்போது கார்க் கதவில் சாவியால் இழுத்த கோடு ஒன்று இருக்கும். ஆகவே இங்கேயும் யாராவது ஓடிவந்தால் என் கை முதலில் கைப்பைக்குத்தான் போகும். சிதம்பரம் கீழவீதியில் ஒருவர் வடையைத் தின்றுகொண்டே என் காருக்கு வழி காட்டினார். நான் நாணயத்தை நீட்டினேன். "கோயில் வாசல்லயா குந்திக்கினு இருக்கேன்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். என்னை அவர் அவமானப்படுத்திவிட்டாரா, அவரை நான் அவமானப்படுத்திவிட்டேனா என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொருவர் இருந்தார், அதே சிதம்பரத்தில். "வரலாம், வரலாம், வரலாம்" என்று தாராளமாகக் கூப்பிடுவார். பின்னால் டொக்கென்று சத்தம் கேட்டதும், "அவ்ளோதான், நிறுத்து" என்பார். சுவரில் இடிப்பதுதான் அவருக்கு அளவு. என் காரின் பின் பம்பரில் அவருடைய நினைவாக ஒரு குழி ரொம்ப நாள் இருந்தது.

இதையெல்லாம் நான் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேடிக்கை விஷயமானது மாமாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு. என் மாமனாரைத்தான் மாமா என்கிறேன், மாமியாரை மாமி.

மாமா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பண்ருட்டியிலிருந்து பலாப்பழமும் முந்திரியும் ஏற்றிக்கொண்டு பார்க்காத ஊர் இல்லை. ஒரு நாள் காலையில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. வலது காலும் வலது கையும் போயின, பேச்சும் போயிற்று. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. தடியை ஊன்றி இழுத்து இழுத்து நடந்தார். கை வரவில்லை. தோளிலிருந்து தொங்கவிட்ட ஈரத்துணி மாதிரி அது கிடந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே கவலை அந்தக் கைதான். பேச்சு போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். இடது கையால் சாப்பிடுவதை மட்டும் அவரால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. ஸ்பூனைக் கொடுத்தால் தட்டிவிடுவார். மாமிதான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டிவிடுவார்கள். தட்டோடு வெளியே வரும்போது மாமியின் கண் சிவந்திருக்கும்.

சிதம்பரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார், என் வயதுப் பெண். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூட்டிவரச் சொன்னார். என் மச்சான், அதாவது என் கணவர், சவுதியில். மாமனாரை மருமகள் ஓட்டிப் போனால் நன்றாக இருக்காது என்று கூலிக்கு வைத்த டிரைவர், தனக்குத் தோன்றினால் வருவார், தோன்றாவிட்டால் போனை அணைத்துவிடுவார். இரண்டாவது தடவை அவர் போன் அணைந்திருந்தபோது நான் சாவியை எடுத்தேன். "பொம்பள ஓட்டிக்கினு, பக்கத்துல மாமனார உக்கார வச்சிக்கினு..." என்று சொந்தக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். "அப்ப நீங்க வந்து ஓட்டுங்க" என்றேன். அவருக்கு ஓட்டத் தெரியாது.

முன் சீட்டில் மாமா, பின் சீட்டில் பிளாஸ்க்கோடு மாமி. முதுநகர் தாண்டி, தொழிற்சாலைகளின் நாற்றத்துக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனால், வழியில் ஓரிடத்தில் சாலைக்கு அடியில் சிறு பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதிச் சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டு எங்கேயோ போயிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும். அங்கேதான் அவர் நின்றார்.

மேலே காக்கிச் சட்டை, கீழே கட்டம் போட்ட கைலி. மேல் பாதி அரசாங்கம், கீழ் பாதி சொந்தம். கழுத்தில் பச்சைக் கயிற்றில் விசில். கையில் ஒரு கழி, அதன் நுனியில் சிவப்புத் துண்டு. துண்டு உயர்ந்தால் பஸ்ஸானாலும் நிற்க வேண்டும், தாழ்ந்தால் போகலாம். ஒரு முறை அரசாங்க ஜீப் ஒன்று மீறி நுழைந்தது. அதை நடுவில் நிற்கவைத்து, பின்னாலேயே போகச் செய்தார். அந்த டிரைவர் மறுபேச்சு பேசவில்லை.

இவரை இங்கே நிறுத்தியது யார் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பக்கத்திலிருந்த டீக்கடையில் கேட்டேன். "கான்ட்ராக்டர் ஆளும்மா." பாலத்துச் சிமெண்ட் மூட்டைகளுக்குக் காவல் இருந்தவரைக் கேட்டேன். "எங்க ஆளு இல்லீங்க, போலீஸ் வச்ச ஆளு." ஒரு நாள் அங்கே நின்ற போலீஸ்காரரையே கேட்டேன். "டீக்கடைக்காரன் வச்சிருப்பான், அவனுக்குத்தான் யாவாரம்" என்றார். அன்று சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கடைசியில் அவரையே கேட்டேன். "அண்ணே, ஒங்கள யாரு இங்க நிக்கச் சொன்னது?"

"யாரு சொல்லணும்?" என்றார்.



என் முதல் சங்கடம் வேறு. அந்தப் பாலத்தைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் மாமா தொண்டைக்குள் உறுமுவார். இடது கையால் டேஷ்போர்டை ஓங்கி அடிப்பார். என்னைப் பார்ப்பார், ஸ்டியரிங்கைப் பார்ப்பார், மறுபடியும் அடிப்பார். நான் ஓட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். முப்பது வருஷம் ஓட்டியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறோமே என்று ஏற்கெனவே எனக்குள் ஒரு நடுக்கம். அவர் அடிக்க அடிக்க இன்னும் மெதுவாகப் போனேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஒரு நாள் வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அப்புறம் ஒரு நாள் அவரே, சிவப்புத் துண்டுக்காரர், என் ஜன்னலுக்கு வந்தார். கழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். முதலில் மாமாவுக்கு ஒரு சலாம் வைத்தார். பிறகு என்னிடம், "ஏம்மா, எத்தினி நாளா ஒனக்கு வழி வுடறேன். ஒரு ஹாரன் அடிச்சிட்டுப் போனா என்னா?" என்றார்.

"எதுக்குண்ணே ஹாரன்? முன்னாடி யாருமே இல்லயே."

"நான் இருக்கேன்ல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி வரும்போது காரை ஓரம் கட்டிவிட்டு, டீ குடிக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன். மாமி டீக்கடைக்காரரிடம் மாமாவின் கை, ஆஸ்பத்திரி என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பஸ் வந்தது. துண்டு தாழ்ந்தது. பாலத்தைத் தாண்டும்போது பஸ் 'பாம் பாம்' என்றது. அவர் கழியை லேசாக ஆட்டினார். லாரி வந்தது, அதன் ஹாரனில் ஒரு பாட்டே வந்தது. ஆட்டினார். டிராக்டர், வேன், கடைசியில் மீன்கூடை கட்டிய மொபெட் ஒன்று. அதுகூடக் 'கீச்' என்று தன்னால் முடிந்ததைச் சொல்லிவிட்டுத்தான் போயிற்று. அதற்கும் ஆட்டினார். யாரும் அவர் கையில் எதையும் கொடுக்கவில்லை. ஹாரன்தான் கொடுத்தார்கள்.

அப்படியானால் இத்தனை நாளும் அந்த வழியாகச் சத்தமில்லாமல் போன ஒரே வண்டி என்னுடையது. நானோ ஒவ்வொரு தடவையும் எங்கள் ஊர் வழக்கப்படி உள்ளங்கையைத் தூக்கிக் காட்டி நன்றி சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தச் சாலையில் உள்ளங்கையைக் காட்டினால் 'இரு, அவசரப்படாதே' என்று அர்த்தம். வழி விட்டவரைப் பார்த்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள், இரு இரு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

மாமியிடம் சொன்னேன். மாமி தலையில் கையை வைத்துக்கொண்டார்கள். "அதுக்குத்தான் ஒங்க மாமா அடிச்சிக்கிறாரு! லாரி ஓட்டுன காலத்துல வழி வுட்ட ஒருத்தனயும் வுடாம ஹாரன் அடிச்சிட்டுத்தான் போவாரு. நீ ஊமையாட்டம் போனா அவுருக்குப் பொறுக்குமா?"

மாமா என்னைத் திட்டவில்லை என்று தெரிந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சந்தோஷப்பட்டவள் அடுத்த தடவை ஹாரன் அடித்திருக்க வேண்டும்தானே? அடிக்கவில்லை. அடிக்க வரவில்லை. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அத்தா. ஹாரன் அடிப்பது அடுத்தவரை வைவதற்குச் சமம், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அடி என்பார். பினாங்கில் ஹாரன் அடித்தால் எதிரே இருப்பவர் காரை விட்டு இறங்கிச் சண்டைக்கு வருவார். அந்தப் பாலத்தில் கட்டைவிரலைக் கொண்டுபோய் ஹாரன் மேல் வைப்பேன். விரல் அப்படியே நின்றுவிடும். உதவி செய்த மனிதரை முகத்துக்கு நேரே எப்படி வைவது? சலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை என்று படித்து வளர்ந்தவள்தான் நான். அந்தப் பதில் ஹாரனாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கண்ணாடியை இறக்கி, "தேங்ஸ்ண்ணே" என்று கத்திப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை. அதோடு எங்களுக்குள் ஒரு சண்டை ஆரம்பமாயிற்று. என் கார் வந்தால் துண்டு உயரும். எதிர்ப்பக்கத்து வண்டிகள் எல்லாம் போன பிறகு, என் பின்னால் நிற்கிற மொபெட்களை ஓரமாக அழைத்து அனுப்பிவிட்டு, கடைசியில் என்னை விடுவார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டுதான் விடுவார். மாமா டேஷ்போர்டை அடிப்பார். பின்னாலிருந்து மாமி, "அழுத புள்ளதான் பால் குடிக்கும். ஒரு அடி அடிச்சா கொறஞ்சா போயிடுவ?" என்பார்கள். எனக்கும் பிடிவாதம் ஏறிற்று. ஊரோடு ஒத்துப் போ என்று எல்லோரும் சொல்லச் சொல்ல இன்னும் விறைத்துக்கொள்வது என் பிறவிக் குணம்.

இதற்கிடையே சிதம்பரத்தில் நிலைமை நன்றாக இல்லை. தோள் கொஞ்சம் அசைகிறது, முழங்கை கொஞ்சம் மடங்குகிறது, ஆனால் கை தானாக எதையும் செய்யவில்லை என்றார் அந்தப் பெண். மஞ்சள் நிறத்தில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார். வலது கையை அதன்மேல் கொண்டுபோய் வைத்து அமுக்க வேண்டும். மாமா இடது கையால் அந்தப் பந்தை எடுத்து மூலையில் எறிந்தார். எடுத்துவந்து கொடுத்தால் மறுபடியும் எறிந்தார்.

அந்தப் பெண் என்னை வெளியே கூப்பிட்டார். "இவ்ளோ நாள் ஆச்சு. இந்த மழைக்காலத்துக்குள்ள கை ஏதாவது பண்ண ஆரம்பிக்கலேன்னா அப்புறம் கஷ்டம் அக்கா. நாம தூக்கிவிட்டா பத்தாது, அவருக்கே பண்ணணும்னு தோணணும்."

"பந்து வேணாம்னா வேற என்னா குடுக்கறது?"

"அது எனக்குத் தெரியல. எத அமுக்கணும்னு அவருக்கு ஆச இருக்குன்னு நீங்கதான் பாக்கணும்."

மாமியிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் மாமிக்குத் தெரிந்திருந்தது. அன்று திரும்பி வரும் வழியெல்லாம் பின் சீட்டிலிருந்து, இறைவன் பேரைச் சொல்லி மாமி உருட்டும் தஸ்பீஹ் மணியின் சத்தம் மட்டும் வந்தது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்றது. பள்ளம் எது, சாலை எது என்று தெரியவில்லை. அவர் மட்டும் முழங்கால் தண்ணீரில், கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். பள்ளத்தின் விளிம்பு தெரிவதற்காக வேப்பங்கிளைகளை வெட்டி வரிசையாக நட்டு வைத்திருந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் தேங்கிக் கிடந்தன. நாங்கள் சிதம்பரம் போகிற வழியில் இருந்தோம். இன்றைக்கும் நம்மைக் கடைசியாகத்தான் விடுவார் என்று இன்ஜினை அணைத்துவிட்டேன்.

அவர் தண்ணீரைக் கடந்து வந்தார். என் பக்கம் வரவில்லை. மாமாவின் ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

"பாய், ஆஸ்பத்திரிக்குத்தான போறீங்க? கை எப்படி இருக்கு?"

மாமா அவரைப் பார்த்தார். கண்ணை மட்டும் மூடித் திறந்தார்.

"நீங்க போங்க பாய். மழையில காக்க வேணாம்." அப்புறம் என்னைப் பார்த்து, "பாய்க்காக வுடறேன், ஒனக்காக இல்ல" என்றார்.

போய் நடுவில் நின்று விசிலை ஊதினார். எதிரே வந்துகொண்டிருந்த பெரிய பஸ்ஸைத் துண்டைத் தூக்கி நிறுத்தினார். பஸ் டிரைவர் ஏதோ கத்தினார். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் துண்டைத் தாழ்த்தி, கிளைகளை ஒட்டி வா என்று எனக்குக் கையைக் காட்டினார். தண்ணீர் கதவு வரைக்கும் வந்தது. அவர் காருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, அடி அடியாக என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மேட்டில் ஏறியதும் ஒதுங்கிக்கொண்டு, முகத்தை எப்போதும்போல வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

இதற்கும் நான் சும்மா போனால் நான் மனுஷியே இல்லை. தெரிந்தது. கட்டைவிரலை எடுத்துக்கொண்டு போனேன். அது வழக்கம்போல நின்றது.

ஹாரன் அடித்தது.

பின்னால் யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் சத்தம் எங்கள் காரிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. குனிந்து பார்த்தேன். ஸ்டியரிங்கின் நடுவில், என் இரண்டு கைகளுக்கும் இடையில், மாமாவின் வலது கை கிடந்தது. அவருடைய இடது கை தடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி அங்கே வைத்தவர் யாரும் இல்லை. அவராகவே தோளைச் சாய்த்து, கையை இழுத்துக்கொண்டு வந்து, அதன்மேல் போட்டிருக்கிறார். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

கொண்டுவந்து வைக்க முடிந்த கையைத் திருப்பி எடுக்க முடியவில்லை. ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் வெளியே வந்தார். சிவப்புத் துண்டுக்காரர் திரும்பினார். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு கண்ணாடி வழியாக அந்தக் கையைப் பார்த்தார். கழியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டே, "போதும் பாய், போதும்! கேட்டுடுச்சி!" என்று சிரித்தார். அவர் முகத்தில் இருந்தது மழையா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"எடுத்து வுடு புள்ள, ஊரே பாக்குது" என்றார்கள் மாமி பின்னாலிருந்து. உடனே என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "வேணாம். இருக்கட்டும். இருக்கட்டும்."

நான் ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பினாங்கில் இருக்கும் அத்தா காதில் விழுந்தாலும் விழட்டும் என்று, அது அடிக்கிறவரைக்கும் அடிக்க விட்டேன்.